மடிப்பு விழுந்த படங்கள்

டோக்கியோவின் ஜிம்போச்சோ பகுதியில் பழைய புத்தகக் கடைகள் பெரும்பாலும் சாலையின் தெற்குப் பக்கத்தில், வடக்குப் பார்த்தபடி இருக்கும். முதல் தடவை போனபோது வாஸ்து சமாச்சாரமோ என்று நினைத்தேன். விஷயம் அதுவல்ல. வெயில் நேரே விழுந்தால் புத்தகம் வெளுத்துவிடும், அவ்வளவுதான். நிஷி கசாயில் குடியிருந்த வருஷங்களில் என் சனிக்கிழமைகளில் பாதி அந்த நிழலில்தான் கழிந்தது. ஜப்பானிய மொழியில் என் வாசிப்பு, மளிகைக்கடைச் சீட்டு, ரயில் நிலையப் பெயர்ப் பலகை அளவில்தான் இருந்தது. ஆனால் படம் பார்க்க அது போதும்.

ஒரு கடை வாசலில் அட்டைப்பெட்டி ஒன்று. உள்ளே கண்ணாடித்தாள் உறைகளில் செங்குத்தாக அடுக்கிய படங்கள். பெட்டியின் மேல் இரண்டே எழுத்து. முதல் எழுத்து வெறும் சதுரம். சீன எழுத்து பழகுகிறவர்களுக்கு முதல் வாரமே சொல்லித்தருகிற எழுத்து அது: வாய். இரண்டாவது எழுத்துக்குப் பொருள் படம். சேர்த்துப் படித்தால் 'குச்சி-எ'. ஆமாம், வாய்க்கு ஜப்பானிய மொழியில் 'குச்சி'தான். வேப்பங்குச்சியால் பல் விளக்கிய தாத்தாவின் பேரனுக்கு இந்தச் சொல் மறக்குமா.

வாய் என்றால் இங்கே வாசல், திறப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். புத்தகத்தைத் திறந்ததும், கதையின் முதல் வரிக்கு முன்னாலேயே மடித்துச் செருகியிருக்கும் வண்ணப்படம். மெய்ஜி காலத்தின் பின்பாதியில், ஏறக்குறைய 1890 முதல் 1914 வரை, ஜப்பானிய நாவல்களும் இலக்கிய இதழ்களும் இப்படித்தான் வாசகரை வரவேற்றன. ஒவ்வொன்றும் மரப்பலகையில் கையால் செதுக்கி, கையால் தேய்த்து எடுத்த படம்.

பெட்டியைத் துழாவி ஒன்றை எடுத்தேன். ஒரு பெண், கையில் கடிதம், காற்றில் கலைந்த முன்மயிர். படத்தின் குறுக்கே மேலிருந்து கீழாக இரண்டு மடிப்புக் கோடுகள். ஓவியர் கையெழுத்து இருந்திருக்க வேண்டிய ஓரத்தை யாரோ வெட்டியிருந்தார்கள். அதனாலேயே விலை மலிவு, 3,500 யென். 5,000 யென் நோட்டை நீட்டினேன். அந்த நோட்டில் அப்போது இருந்தது ஹிகுச்சி இச்சியோவின் முகம். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வெட்டுப்பட்ட அந்த ஓரம் எனக்குப் புதிதில்லை. எங்கள் வீட்டில் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தடிப்புத்தகங்கள் ஒரு பீரோ நிறைய உண்டு. பைண்டிங் கடைக்காரர் மூன்று பக்கமும் கத்தி போட்டுச் சமப்படுத்தும்போது, ஓவியரின் கையெழுத்தில் பாதி போயிருக்கும். கதையை யாரும் வெட்டவில்லை பாருங்கள். போனதெல்லாம் படத்தில்தான்.

இந்தப் படங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஒரு இதழின் பெயர் வந்தே தீரும்: 'புங்கெய் குராபு'. 'குராபு' என்பது 'கிளப்'தான். ஹகுபுன்கான் என்ற பதிப்பகம் 1895 ஜனவரியில் தொடங்கிய இலக்கிய மாத இதழ். அதன் முகப்பில் வந்த படங்கள் பொதுவாக 22 சென்டிமீட்டர் உயரம், 30 சென்டிமீட்டர் அகலம். இதழின் பக்கமோ அதில் பாதி அகலம்தான். அதனால் மடித்தே ஆக வேண்டும். ஒரு ஓரத்தைப் புத்தகத்தோடு சேர்த்துத் தைக்கவும் வேண்டும் என்பதால் பல படங்களுக்கு இரண்டு மடிப்பு. இன்று ஏலக்காரர்கள் விற்பனைக் குறிப்பில் 'மடிப்புத் தடம் உள்ளது' என்று தயங்கித் தயங்கி எழுதுகிறார்கள். எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். மடிப்பு இல்லாவிட்டால் அல்லவா சந்தேகப்பட வேண்டும்?

இயந்திரம் இல்லாமல்தான் மரப்பலகையைக் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இதே ஹகுபுன்கான், 1894-ல் சீனாவுடன் போர் மூண்டபோது நடத்திய போர்ச் செய்தி இதழில் புகைப்படங்களை அச்சிட்டு நன்றாகவே சம்பாதித்தது. அடுத்த வருஷம் இலக்கிய இதழ் தொடங்கும்போது, முகப்புக்கு மட்டும் செதுக்குபவரையும் அச்சிடுபவரையும் தேடிப் போனது. போருக்கு ஒரு கண், கதைக்கு வேறு கண்.

அந்த வேலை எப்படி நடந்தது என்று தெரிந்துகொண்ட பிறகு என் 3,500 யென் படத்தைக் கையில் எடுக்கவே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஓவியர் மெல்லிய தாளில் கோட்டுருவம் மட்டும் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அந்தத் தாளை மலைச்செர்ரி மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டி, தாளோடு சேர்த்தே செதுக்குவார். செதுக்கி முடிக்கும்போது பலகையில் கோடு மட்டும் நிற்கும், தாள் போயிருக்கும். ஓவியர் தன் கையால் வரைந்தது அன்றோடு அழிந்தது. ஆக, 'மூல ஓவியம் எங்கே இருக்கிறது' என்று கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்பதுதான் பதில். அச்சடித்து வந்த ஆயிரக்கணக்கான பிரதிகளும்தான் மூலம். இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. என் கையில் இருப்பது எதனுடைய நகலும் இல்லை.

செதுக்கு பட்டறையிலும் ஒரு படிநிலை உண்டு. முகமும் கூந்தலும் கைதேர்ந்தவர் வேலை. உடை, மரம், சுவர் எல்லாம் இளையவர்களுக்கு. நெற்றியில் மயிர் தொடங்கும் இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். தலைமயிரைவிட மெல்லிய கோடுகள், ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். மரத்தில் கோட்டை வெட்ட முடியாது, கோட்டின் இரு பக்கத்தையும் வெட்டித்தான் கோட்டை எழுப்ப வேண்டும். அப்படியென்றால் ஒரு மயிருக்கு இரண்டு வெட்டு. கை ஒரு இடத்தில் நழுவினாலும் சுந்தரிக்கு வழுக்கை.

கோட்டுப்பலகை தயாரானதும் அதில் எடுத்த பிரதிகளில் ஓவியர் எங்கெங்கே எந்த நிறம் என்று குறித்துத் தருவார். நிறத்துக்கு ஒரு பலகையாக மறுபடி செதுக்க வேண்டும். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழ, ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் இரண்டு சிறு வெட்டுகள் இருக்கும்: மூலைக்கு ஒன்று, ஓரத்துக்கு ஒன்று. ஈரத்தாளின் மூலையை அதில் பொருத்தி வைத்தால் தாள் எப்போதும் ஒரே இடத்தில் உட்காரும். இந்தக் குறிக்கு 'கென்தோ' என்று பெயர். இதே சொல் பேச்சு வழக்கிலும் உண்டு. என் மேலாளர் நான் சொன்ன மதிப்பீட்டைப் பார்த்து ஒருமுறை 'கென்தோ தப்பு' என்ற பொருளில் ஏதோ முணுமுணுத்தார். அச்சுப் பட்டறைச் சொல்லால் திட்டு வாங்கியதில் எனக்கு ரகசியப் பெருமை.

அச்சிடுபவரிடம் இயந்திரம் கிடையாது. 'பரென்' என்ற வட்டத் தேய்ப்பான்தான். உள்ளே மூங்கில் மடல் நாரைக் கயிறாகத் திரித்துச் சுருட்டி வைத்து, வெளியே மூங்கில் மடலாலேயே இழுத்துக் கட்டியிருப்பார்கள். தாளின் முதுகில் அதை வைத்து உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டுத் தேய்க்க வேண்டும். பலகையிலேயே தண்ணீரும் சாயமும் கலந்து தூரிகையால் இழுத்து, கருநீலம் மெல்ல மெல்ல வெளிறி வெறும் தாளாக முடிகிற மாலை வானத்தைக் கொண்டுவருவார்கள். மை தடவாத பலகையை அழுத்தி, கிமோனோவின் கழுத்துப்பட்டையில் புடைப்பு நெசவு எழுப்புவார்கள். என் படத்திலும் அது இருந்தது. ஆறு மாதம் கழித்து, ஜன்னலோரமாகச் சாய்த்துப் பிடித்தபோதுதான் கண்ணில் பட்டது. வெள்ளையில் வெள்ளையாகச் சிறு பூக்கள். மாத இதழுக்கு, வாங்கிப் படித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற இதழுக்கு, இவ்வளவு வேலை. பிரதிகள் அதிகம் தேவை என்பதால் ஒரே படத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பலகைத் தொகுதிகள்கூடச் செதுக்க வேண்டி வந்தது.

சரி, கதைக்கு வருவோம். ஒஸாகி கோயோ எழுதிய 'கொன்ஜிகி யாஷா' 1897 முதல் 1902 வரை யோமியுரி செய்தித்தாளில் விட்டுவிட்டு வந்த தொடர். 'யாஷா' என்ற சொல்லைப் பார்த்தீர்களா? நம் யட்சனேதான், பௌத்தத்தோடு சீனம் வழியாக ஜப்பான் போனவர். பொன்னிற யட்சன் என்று பெயரைத் தமிழாக்கலாம். கன்இச்சி என்ற ஏழை மாணவனுக்கு நிச்சயித்திருந்த ஓமியா என்ற பெண், வைர மோதிரம் போட்ட பணக்காரனை மணக்கச் சம்மதிக்கிறாள். அதாமி கடற்கரையில் ஜனவரி 17 இரவில் கன்இச்சி அவளைச் சந்திக்கிறான். இனி ஒவ்வொரு வருஷமும் இந்த இரவில் நிலா மங்கினால், எங்கோ நான் அழுகிறேன் என்று தெரிந்துகொள் என்கிறான். காலில் விழுந்து பிடித்துக்கொள்பவளை உதைத்துத் தள்ளிவிட்டுப் போய், ஈவிரக்கமற்ற வட்டிக்காரன் ஆகிறான்.

1898-ல் ஷுன்யோதோ பதிப்பகம் இதை நூலாகக் கொண்டுவந்தபோது தகேஉச்சி கெய்ஷு முதல் பாகத்துக்கு வரைந்த குச்சி-எ அந்த உதைதான். யோசித்துப் பாருங்கள், முதல் வரியைப் படிக்கும் முன்பே உச்சக்கட்டம் கண்முன் விரிந்துவிடுகிறது. இன்று இதைச் செய்தால் கதையைச் சொல்லிக் கெடுத்துவிட்டாய் என்று சண்டைக்கு வருவார்கள். அன்றைய வாசகர் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. என்ன நடக்கும் என்பது தெரிந்த பிறகு, எப்படி அங்கே போய்ச் சேரும் என்று படிப்பதும் ஒரு சுகம்தானே. கூத்துப் பார்க்கப் போகிறவர்களுக்குத் துகில் உரிப்பு வரும் என்பது தெரியாதா என்ன.

அந்த உதை பின்னாளில் வெண்கலச் சிலையாகி அதாமி கடற்கரையில் நிற்கிறது. போய்ப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு குறிப்புப் பலகை: இது கதைக் காட்சியைக் காட்டுவது மட்டுமே, வன்முறையை ஆதரிப்பதற்காக அல்ல என்ற பொருளில். புத்தகத்துக்குள் மடிந்து கிடந்தவரை அந்தப் படத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தெருவுக்கு வந்ததும் தேவைப்பட்டுவிட்டது.

அதே நாவலின் பிற்பகுதிக்கு 1902-ல் படம் வரைந்தவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த கபுராகி கியோகதா. கன்இச்சியின் கனவில் ஓமியா நீரில் பிணமாகக் கிடக்கும் காட்சி. ஆங்கிலேய ஓவியர் மில்லே வரைந்த ஒஃபீலியாவின் சாயல் அதில் அப்படியே தெரியும். லண்டனில் எண்ணெய் வண்ணத்தில் மிதந்தவள், அரை நூற்றாண்டு கழித்து செர்ரி மரப்பலகை வழியாக டோக்கியோ வாசகர்களின் மடியில் வந்து விழுந்தாள். நாவலைக் கோயோ முடிக்கவில்லை, 1903-ல் இறந்துபோனார்.

எழுத்தாளர் சொல்ல ஓவியர் வரைவது அங்கே பழைய வழக்கம். மெய்ஜிக்கு முந்தைய எடோ காலத்து பாகின் போன்ற நாவலாசிரியர்கள் யார் எங்கே உட்கார வேண்டும் என்று தாங்களே கோட்டுப்படம் போட்டு ஓவியருக்கு அனுப்பினார்கள். அந்தத் தாள்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் இதழ்களின் குச்சி-எ வேறு வழியில் போயிற்று. பல இதழ்களில் படத்துக்கும் உள்ளே இருக்கும் கதைகளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பனியில் குடையோடு ஒருத்தி, கொசுவலைக்குள் ஒருத்தி, மின்மினி பார்க்கும் ஒருத்தி. பருவத்துக்கு ஒரு பெண். கதைக்குத்தான் படம் என்று நம்பி, என் படத்துப் பெண் கையிலிருக்கும் கடிதம் எந்தக் கதையில் வருகிறது என்று ஒரு வருஷம் தேடியவன் என்ற முறையில், இதைக் கொஞ்சம் எரிச்சலோடுதான் பதிவு செய்கிறேன்.

படத்தால் கதை மாட்டிக்கொண்டதும் உண்டு. 1889 ஜனவரியில் 'கொகுமின் நோ தோமோ' இதழின் இணைப்பில் யாமதா பிம்யோவின் 'கோச்சோ' வந்தது. தன்னோஉராக் கடற்போரில் தப்பிக் கரையேறிய பெண் உடையின்றி நிற்கும் காட்சிக்கு வதனபே செய்தெய் படம் போட்டிருந்தார். கதையை யார் படித்தார்களோ, படத்தைப் பற்றிப் பத்திரிகைகள் அடித்துக்கொண்டன.

இச்சியோவைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. 'புங்கெய் குராபு' தொடங்கிய 1895-லேயே அவர் அதில் எழுதிவிட்டார். செப்டம்பரில் 'நிகோரிஎ', டிசம்பரில் பெண் எழுத்தாளர்கள் சிறப்பிதழில் 'ஜூசன்யா'. அடுத்த ஏப்ரலில் 'தகேகுராபே' முழுவதும் ஒரே இதழில். அந்த நவம்பரில் காசநோயில் இறந்தார், வயது 24. கடைசிவரை கடனில் வாழ்ந்த பெண்ணின் முகத்தை 2004-ல் ரூபாய் நோட்டில் போட்டார்கள் (யென் நோட்டு, சரி). அவர் கதை வந்த இதழிலிருந்து கிழித்ததாக இருக்கக்கூடிய ஒரு படத்தை வாங்க அவர் முகத்தையே கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இந்தத் துறையில் எனக்குப் பிடித்த மனிதர் கியோகதாதான். 1878-ல் கன்டாவில் பிறந்தவர், ஜிம்போச்சோவும் கன்டாவில்தான் இருக்கிறது. அப்பா ஜோனோ சைகிகு கதை எழுதுபவர், 'யமாதோ' செய்தித்தாளைத் தொடங்கியவர். அந்தத் தாளுக்கு ஸுகியோகா யோஷிதொஷி படம் போட்டார். யோஷிதொஷியின் சீடர் மிஸுனோ தொஷிகதா. அவரிடம் பதின்மூன்று வயதில் போய்ச் சேர்ந்த சிறுவன் கியோகதா. குரு பெயரின் பின்பாதி சீடனுக்கு வந்துவிட்டதைப் பாருங்கள்: தொஷிகதா, கியோகதா.

பின்னால் அவர் பெரிய ஓவியர் ஆனார். 1927-ல் வரைந்த 'ஸுகிஜி அகாஷிச்சோ' பரிசு பெற்றது. பல காலம் காணாமல் போயிருந்து 2019-ல் அது வெளியே வந்தபோது டோக்கியோ தேசிய நவீனக் கலை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. இந்த உயரத்துக்குப் போனவர்கள், பத்திரிகைக்குப் படம் போட்ட நாட்களைப் பொதுவாக 'வயிற்றுப்பாட்டுக்காகச் செய்தது' என்று மறைத்துப் பேசுவார்கள். கியோகதா நேர்மாறு. கண்காட்சி மண்டபத்துச் சுவருக்கான ஓவியம் ஒரு வகை, வீட்டு வரவேற்பறை மாடத்துக்கான தொங்கு ஓவியம் இன்னொரு வகை, இவை இரண்டும் அல்லாமல் மேஜைமேல் வைத்து, கையில் எடுத்து, தனியாக ஒருவர் பார்க்கிற கலை என்று மூன்றாவது ஒன்று உண்டு என்றார். 'தகுஜோ கெய்ஜுத்ஸு', மேஜைக் கலை. குச்சி-எ, நூல் ஓவியம், படச் சுருள் எல்லாம் இந்த வகை. அதைச் சின்ன விஷயமாக அவர் நினைக்கவில்லை. 1951-ல், எழுபதைத் தாண்டிய வயதில் அவர் வரைந்த ஓவியம் ஒன்றின் தலைப்பே 'நாவலாசிரியரும் சித்திரக்காரரும்'. இளைஞர்களாகத் தானும் எழுத்தாளர் இஸுமி கியோகாவும் முதன்முதலில் சந்தித்ததை அதில் வரைந்திருக்கிறார்.

கமாகுராவில் அவர் கடைசியாக வாழ்ந்த இடத்தில் சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. வீட்டுக்குள் போகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் மேஜைக் கலையைப் பற்றிப் படித்த பிறகு, எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் எனக்கு ஒரு குறை. சட்டம் போட்டு, கண்ணாடிக்குப் பின்னால், நேர் வெளிச்சத்தில் மாட்டினால் புடைப்புப் பூக்கள் தெரியாது. அது தெரிய வேண்டுமானால் படம் கையில் இருக்க வேண்டும், கொஞ்சம் சாய வேண்டும். பாதுகாப்பு வேண்டும் என்பது புரிகிறது. இருந்தாலும் குறை குறைதான்.

தொஷிகதாவிடம் பயின்ற ஒரு பெண்ணையும் இங்கே சொல்லியாக வேண்டும். இகேதா ஷோஎன். குச்சி-எ உலகத்தில் வரைந்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஆண்கள், வரையப்பட்டவர்கள் ஏறக்குறைய எல்லாரும் பெண்கள். அந்த வரிசையில் இவர் தூரிகை பிடித்தார். உடன் பயின்ற தெருகதாவை மணந்தார். 1917-ல் முப்பத்தோரு வயதில் ஷோஎன் போனார், நான்கு வருஷத்தில் கணவரும். அவர் வரைந்த பெண்கள் நம்மைப் பார்ப்பதில்லை, தங்கள் காரியத்தைப் பார்க்கிறார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம்.

1914 வாக்கில் இந்தப் பழக்கம் ஓய்ந்தது. மூவண்ண இயந்திர அச்சு மலிவாக வந்துவிட்டது. 1915 தொடங்கி வதனபே ஷோசபுரோ என்ற பதிப்பாளர், மரப்பலகை அச்சைப் புதிய கலைப்பொருளாக விற்க ஆரம்பித்தார். அவருக்காக வரைந்த இதோ ஷின்சுய், கவசே ஹசுய் இருவரும் கியோகதாவின் சீடர்கள். அந்தப் படங்களுக்கு மடிப்பு கிடையாது, கதையும் கிடையாது. உலகம் முழுக்கப் பேர் வாங்கியவை அவைதான். 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத் தீயில் டோக்கியோவின் பாதி எரிந்தது. பதிப்பகத்திலும் பட்டறையிலும் இருந்தவை சாம்பலாயின. ஊர் ஊராக யார் யார் வீட்டு அலமாரியிலோ, நாவலுக்குள் மடிந்து கிடந்தவை தப்பின.

என் படத்துக்கு வருகிறேன். அதன் பின்பக்கத்தில் மங்கலாக ஏதோ எழுத்து படிந்திருந்தது. இத்தனை வருஷம் மூடிய புத்தகத்தில் எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கிடந்து, அந்தப் பக்கத்து அச்சு மை கண்ணாடிப் பிம்பமாக இறங்கியிருக்கிறது. இதுதான் துப்பு என்று குதித்தேன். கதையின் முதல் பக்கமாகத்தானே இருக்க வேண்டும்? குளியலறைக் கண்ணாடிக்கு எதிரே பிடித்துப் படம் எடுத்து, அலுவலகத்தில் பழைய எழுத்து படிக்கத் தெரிந்த ஒரே ஆளான யமதா-சானிடம் காட்டினேன். ரொம்ப நேரம் மூக்குக்கண்ணாடியை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார்.

"பற்பொடி விளம்பரம்" என்றார்.